முள் ஏறுது சார்!

நடுரோட்டில் பானெட்டைத் தூக்கி நிறுத்திய காரும், கல்யாண மண்டபத்தில் மயங்கி விழுந்த மாமியும் ஒன்று. சுற்றி நிற்கிற அத்தனை பேரும் டாக்டர்கள். 'தண்ணி இல்ல சார்' என்பார் ஒருவர். 'ஃபேன் பெல்ட் கட்' என்பார் இன்னொருவர், டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து வராமலே. ஸ்கூட்டரை ஸ்லோ பண்ணி 'ஹெட் காலி!' என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, அப்பீலுக்கு இடம் தராமல் போய்விடுவார் மூன்றாமவர். நாலாவது ஆசாமி கொஞ்சம் ஆழமானவர். முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, 'எலுமிச்சம்பழம் வெச்சுத்தான் எடுத்தீங்களா?' என்பார்.

இந்த நால்வரும் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. 'எப்போ சூடாகுது?'

காய்ச்சல் என்று போனால் நல்ல டாக்டர் எடுத்த எடுப்பில் ஊசியைத் தூக்குவதில்லை. காலையில் வருதா, சாயங்காலம் வருதா, குளிர் நடுக்கத்தோடு வருதா என்று விசாரிக்கிறார். பாதி வைத்தியம் அந்தப் பதிலில் இருக்கிறது. காருக்கும் அப்படித்தான்.

பி.காம். படித்தவனுக்கு இன்ஜினைப் பற்றி என்ன தெரியும் என்று நீங்கள் கேட்கலாம். வரவு செலவு தெரியும். இன்ஜினும் ஒரு வரவு செலவுக் கணக்குதான். நீங்கள் காசு கொடுத்துப் போடுகிற பெட்ரோலில் சுமார் கால் பங்குதான் காரை நகர்த்துகிறது. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வெறும் சூடாக சைலன்சர் வழியே போய்விடுகிறது. கிட்டத்தட்ட அதே அளவு சூடு இன்ஜினின் உடம்பிலேயே தங்கிவிடுகிறது. அதை அவ்வப்போது வெளியே தள்ளாவிட்டால் வாராக்கடன் மாதிரி சேர்ந்துகொண்டே போய், ஒருநாள் கம்பெனியையே மூடவேண்டி வரும்.

சூட்டை வெளியே தள்ளுவதற்கு ஒரு சின்ன ஆபீஸே இருக்கிறது. கூலன்ட் என்கிற பியூன் இன்ஜினுக்குள் போய்ச் சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டருக்கு வருகிறான். அவனை விரட்டிக்கொண்டே இருப்பது வாட்டர் பம்ப். இன்ஜின் குளிர்ந்திருந்தால் 'இப்ப வெளியே போகவேண்டாம்' என்று கேட்டை மூடி வைக்கிற வாட்ச்மேன் தெர்மோஸ்டாட். ரேடியேட்டரில் காற்று பட்டுச் சூடு இறங்குகிறது. வண்டி ஓடும்போது காற்று தானாக வரும். நிற்கும்போது ஃபேன் சுற்றியாக வேண்டும்.

மேலே உள்ள கடைசி வாக்கியத்தை இன்னொரு தடவை படியுங்கள். என் பதினெட்டாயிரம் ரூபாய் அதில்தான் இருந்தது.

எங்கள் வீட்டுக் கார் 2006 மாடல். எந்தக் கம்பெனி என்று சொல்லமாட்டேன். வயசானவர்களின் உடம்பைப் பற்றிப் பேசும்போது குலம் கோத்திரம் விசாரிப்பது நாகரிகமில்லை. அப்பா வாங்கியது. அப்பா இப்போது இல்லை. கார் இருக்கிறது, ஆர்.சி.யை ஐந்து வருஷத்துக்குப் புதுப்பித்துக்கொண்டு. மாசத்தில் ஒரு புதன்கிழமை அம்மாவைத் தாம்பரத்திலிருந்து நுங்கம்பாக்கத்துக்கு, கண்ணில் ஊசி போட அழைத்துப் போகவேண்டும். ஊசி போட்ட கண்ணை மூடிக்கொண்டு வெயிலில் நின்று கால் டாக்ஸிக்காரரிடம் ஓ.டி.பி. சொல்வது அம்மாவுக்கு ஒத்துவராது. 'நம்ம வண்டின்னா படுத்துக்கலாம்டா' என்பாள்.

அப்படி ஒரு மே மாதப் புதன்கிழமை. குரோம்பேட்டை சிக்னலில் நிற்கும்போது டெம்ப்பரேச்சர் முள் நடுவிலிருந்து கிளம்பிச் சிவப்பை நோக்கி நடக்க ஆரம்பித்தது. மீனம்பாக்கம் பக்கம் ரோடு கொஞ்சம் காலியாக இருந்து வண்டி ஓடியதும் தானே இறங்கியது. கோடம்பாக்கம் பாலத்தில் ஊர்வலம் மாதிரி டிராஃபிக். மறுபடி ஏற்றம். ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஹீட்டரைப் போட்டேன்.

ஆமாம், ஹீட்டர். மே மாதம், சென்னையில். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஆனால் அது பைத்தியக்காரத்தனம் இல்லை. டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கிற ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். இன்ஜின் சூட்டில் கொஞ்சத்தை அது நம் முகத்தில் தள்ளும். ஜன்னலை எல்லாம் இறக்கிவிட்டு, வியர்த்து விறுவிறுத்து, சிவப்பைத் தொடாமல் போய்ச் சேர்ந்தோம். (சிவப்பைத் தொட்டால் ஹீட்டர் எல்லாம் கதைக்கு ஆகாது. ஓரங்கட்டி இன்ஜினை அணைத்துவிட வேண்டும். 'இன்னும் ரெண்டு கிலோமீட்டர்தானே' என்று ஓட்டுகிறவர்கள்தான் மெக்கானிக்குகளின் பெண்களுக்குக் கல்யாணம் செய்து வைக்கிறார்கள்.)

மறுநாள் மெக்கானிக் வந்தார். பெயர் வேண்டாம், நல்ல மனுஷர். பானெட்டைத் திறந்தார். முழுசாக அரை நிமிஷம் பார்த்தார்.

'கேஸ்கட் அடிச்சிருக்கு சார். ஹெட்டைக் கழட்டணும்.'

'எவ்வளவு ஆகும்ணே?'

'பதினெட்டு. பிளேனிங் போட்டா இருபதும் ஆகலாம்.'

காரை விற்றாலே நாற்பதாயிரம் தேறாது. மச்சான் போனில், 'எடைக்குப் போட்ருங்க மாமா, நிம்மதி' என்றான். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. புடவைத் தலைப்பால் டாஷ்போர்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அதுவே ஒரு பதில்தான்.

ஹெட் கேஸ்கட் போயிருந்தால் அது சும்மா போகாது. ஊருக்கே சொல்லிவிட்டுத்தான் போகும். வெளியே ஒரு சொட்டு ஒழுகாமல் கூலன்ட் குறைந்துகொண்டே வரும். இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும் சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வரும், லேசான தித்திப்பு வாசனையோடு. ஆயில் டிப்ஸ்டிக்கை இழுத்தால் எண்ணெய்க்குப் பதில் டிகிரி காபி நுரை. ரேடியேட்டரில் காலையில் ஸ்டார்ட் செய்த உடனே விடாமல் குமிழி. எங்கள் வண்டியில் இதில் ஒன்றுகூட இல்லை. எண்ணெய் எண்ணெயாக இருந்தது. கூலன்ட் மட்டம் நாலு நாள் கோடு போட்டுப் பார்த்ததில் அசையவில்லை. அதைவிட முக்கியம், கேஸ்கட் போன வண்டி ஓடினால் சமாதானமாகி நின்றால் கோபித்துக்கொள்ளாது. பாரம் ஏற ஏறச் சூடுதான் அதிகமாகும்.

இங்கேதான் அந்தக் கேள்வி. எப்போ சூடாகுது?

நின்றால் சூடு, ஓடினால் இறக்கம் என்றால் முதல் சந்தேகம் ஃபேன் மேல். இதற்கு நேர்மாறாக, ஊருக்குள் சமர்த்தாக இருந்துவிட்டு ஹைவேயில் எண்பது தொட்டதும் முள் ஏறினால் ஃபேனுக்குச் சம்பந்தமே இல்லை; காற்றுதான் பிய்த்துக்கொண்டு வருகிறதே. அப்போது பியூன் நடக்கவில்லை என்று அர்த்தம். ரேடியேட்டர் உள்ளே அடைப்பு, அல்லது தெர்மோஸ்டாட் பாதி திறந்து மாட்டிக்கொண்டது, அல்லது பம்ப். ஸ்டார்ட் பண்ணிக் கொஞ்ச நேரத்திலேயே, எப்படி ஓட்டினாலும் ஏறுகிறதென்றால் கூலன்ட் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இருந்தால் தெர்மோஸ்டாட் மூடியபடியே செத்திருக்கலாம். முள் ஏறும்போதே பேட்டரி விளக்கும் சிவப்பாக எரிந்தால், யோசிக்கவே வேண்டாம், நிறுத்துங்கள். பல கார்களில் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்பையும் ஓட்டுவது ஒரே பெல்ட். அது அறுந்திருக்கும். (டீக்கடை ஆசாமிக்கு ஒரு மார்க்.)

ஞாயிற்றுக்கிழமை காலை. வண்டி ராத்திரி முழுக்க நின்று ஜில்லென்று இருந்தது. அது ரொம்ப முக்கியம். ஏனென்று எங்கள் எதிர் ஃப்ளாட் சாரைக் கேட்டால் வலது கையைக் காட்டுவார். இரண்டு வருஷம் முன்பு வண்டலூர் தாண்டி வண்டி சூடாகி நின்றதும், அவசரமாக ரேடியேட்டர் மூடியைத் திருகியிருக்கிறார். முழங்கை வரைக்கும் தோல் உரிந்து ஒரு மாசம் ஆபீஸ் போகவில்லை. இப்போதும் வேஷ்டி விளம்பரம் மாதிரி முழுக்கைச் சட்டைதான்.

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி இல்லை. குக்கர் வெயிட். அதன் தலையில் 0.9, 1.1 என்று ஏதாவது நம்பர் பொறித்திருக்கும். உள்ளே அவ்வளவு பிரஷரைப் பிடித்து வைக்கும் என்று அர்த்தம். திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். இந்தப் பிரஷரில் 120-க்குக் கிட்டே போனால்தான் கொதிக்கும். உங்கள் வீட்டுக் குக்கரிலும் ஏறக்குறைய இதே கணக்குதான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறந்தால் பிரஷர் போய்விடும், சூடு போகாது. மொத்தமும் ஒரே நொடியில் கொதித்து, திறந்தவர் மேலேயே பாயும். சாம்பார் வெந்துகொண்டிருக்கும்போது குக்கர் மூடியை யாராவது பிடுங்குவார்களா? காரில் மட்டும் படித்தவர்கள்கூடப் பிடுங்குகிறார்கள். குறைந்தது அரைமணி, முக்கால் மணி பொறுங்கள். மேல் ஹோஸை ஒரு துணி வைத்து அமுக்கிப் பாருங்கள். கல் மாதிரி இருந்தால் இன்னும் பொறுங்கள். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் புதுசு வாங்கிவிடுங்கள், அதே நம்பரில்.

மூடியைத் திறந்தேன். கூலன்ட் பச்சையாக, நிறைவாக இருந்தது. ரேடியேட்டரின் முகத்தைப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் பறக்கிற கேரி பேக் கிரில்லுக்குள் போய் ஒட்டிக்கொண்டாலே போதும், வண்டி மூச்சுத் திணறும். அதுவும் இல்லை. நாலைந்து பூச்சி, ஒரு வேப்பிலை. (கழுவுவதானால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, தோட்டத்து ஹோஸில் மெதுவாக. வாட்டர் சர்வீஸ் துப்பாக்கியால் கிட்டே வைத்து அடித்தால் அந்த மெல்லிசு அலுமினியத் தகடு பூராவும் மடங்கிப் போகும்.)

பிறகு ஃபேன். வண்டியை ஸ்டார்ட் செய்து அப்படியே நிற்கவிட்டேன். முள் பாதியைத் தாண்டியது. முக்கால். ஃபேன் தியானத்தில் இருந்தது. இன்ஜினை அணைத்தேன்.

இப்போது ஃபேன் மேல் வழக்குப் பதிவாகிவிட்டது. ஆனால் ஃபேன் சுற்றவில்லை என்றால் ஃபேன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. ஆபீஸில் ஃபைல் நகரவில்லை என்றால் குமாஸ்தாதான் தூங்குகிறார் என்று சொல்லிவிட முடியுமா? மேலிடத்து உத்தரவே வராமல் இருக்கலாம். ஃபியூஸைப் பிடுங்கிப் பார்த்தேன், கம்பி முழுசாக இருந்தது. ஃபேனின் கனெக்டரைக் கழற்றி, ஃபியூஸ் வைத்த ஒயரில் பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் கொடுத்தேன். விர்ரென்று சுற்றியது. ஆக மோட்டார் நிரபராதி. (இந்தச் சமயத்தில் விரலையும், அம்மாவின் புடவைத் தலைப்பையும் தள்ளி வைக்கவும். எலெக்ட்ரிக் ஃபேன் இன்ஜின் அணைந்திருக்கும்போதுகூடச் சட்டென்று சுற்றும். முன்னறிவிப்பு கிடையாது.)

மிச்சம் இருந்தது ரேடியேட்டரின் கீழ்ப்பக்கம் திருகியிருக்கிற, பேனா மூடி அளவு தெர்மோ ஸ்விட்ச். கூலன்ட் 90 டிகிரியைத் தாண்டி ஒரு அளவுக்கு வந்ததும் உள்ளே இரண்டு முனையும் சேர்ந்து ஃபேனைப் போடவேண்டும். அவ்வளவுதான் அதன் வேலை. அதன் கனெக்டரைக் கழற்றி, இரண்டு பின்னையும் ஒரு துண்டு ஒயரால் இணைத்து, சாவியைத் திருப்பினேன். ஃபேன் ஓடியது. ஒயரை எடுத்தேன். நின்றது. மறுபடி வைத்தேன். ஓடியது.

குற்றவாளி கிடைத்துவிட்டான். கட்டைவிரல் சைஸ்.

புது கார் வைத்திருக்கிறவர்கள் ஒரு நிமிஷம். நீங்கள் இந்த ஒயர் வேலையைச் செய்யக்கூடாது. இப்போதைய வண்டிகளில் அந்த இடத்தில் இருப்பது ஸ்விட்ச் இல்லை, சென்சார். அது கம்ப்யூட்டருக்குச் செய்தி அனுப்பும். கம்ப்யூட்டர் யோசித்து ஃபேனைப் போடும். நடுவில் புகுந்து ஒயரை இணைத்தால் என்ன ஆகுமோ அது உங்கள் செலவு. தீப்பெட்டி அளவில் ஓ.பி.டி. ரீடர் என்று விற்கிறார்கள். ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, செல்போனில் பார்த்தால் கூலன்ட் எத்தனை டிகிரி என்று எண்ணிலேயே வந்துவிடும். டாஷ்போர்டு முள்ளைவிட அது யோக்கியன். பல கார்களில் முள்ளை வேண்டுமென்றே கொஞ்ச தூரம் நடுவில் அசையாமல் நிற்கும்படி செய்து வைத்திருக்கிறார்கள், நாம் பயப்படக்கூடாதாம். ஏ.சி.யைப் போட்டதும் ரேடியேட்டர் ஃபேன் சேர்ந்து ஓடுகிற வண்டி என்றால் இன்னும் சுலபம். ஏ.சி.க்கு ஓடி, சூட்டுக்கு ஓடவில்லை என்றால் மோட்டார் நன்றாக இருக்கிறது, உத்தரவுதான் வரவில்லை.

ஸ்விட்ச் வாங்க ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு போனேன். பழசைக் கையிலே எடுத்துப் போய், மேலே பொறித்திருந்த நம்பரைக் காட்டி அதே நம்பரில் வாங்கினேன். கடைக்காரர் இலவசமாக ஒரு யோசனை சொன்னார். 'தெர்மோஸ்டாட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டுருங்க சார். நம்ம ஊர் வெயிலுக்கு அது எதுக்கு?'

இந்த வசனத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள். ஊட்டிக்குப் போகிற டாக்ஸி டிரைவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்வது. எனக்கு இதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. வெயில் 40 டிகிரி. இன்ஜினுக்கு வேண்டியதோ 80-க்கு மேல். சித்திரை வெயில்கூட அதற்குக் குளிர்காலம்தான். வாட்ச்மேன் இல்லாவிட்டால் இன்ஜின் சூடேற நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேயும். அதோடு சில இன்ஜின்களில் அந்த தெர்மோஸ்டாட்தான் குறுக்கு வழியையும் அடைக்கிறது. அதைப் பிடுங்கினால் கூலன்ட் ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் திரும்பி ஓடிவிடும். சூட்டைக் குறைக்கக் கழற்றியது சூட்டை ஏற்றும். சந்தேகம் இருந்தால் கழற்றி, பரணில் கிடக்கிற ஒரு ஓட்டை உடைசல் பாத்திரத்தில் தண்ணீரோடு அடுப்பில் வையுங்கள். அதன் மேல் 82, 88 என்று எழுதியிருக்கிற சூடு வந்ததும், உள்ளே இருக்கிற மெழுகு உருகி விரிந்து வாயைத் திறக்கவேண்டும். கொதிக்கக் கொதிக்க மூடிக்கொண்டே இருந்தால் மாற்றுங்கள். அந்தப் பாத்திரத்தில் மறுபடி சமைக்க வேண்டாம். கூலன்ட் விஷம்.

விஷம் என்று சும்மா சொல்லவில்லை. அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால், தித்திப்பாக இருக்கும். தெரு நாய் நக்கினால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும். குழந்தைகளுக்கும் அதே கதி. அதனால் பழைய கூலன்ட்டை வாளியில் பிடித்து, கேனில் ஊற்றி மூடி, ஒர்க்‌ஷாப்பில் கொடுக்க எடுத்து வைத்தேன். வாசலில் கொட்டவில்லை. எங்கள் தெரு நாய்களுக்கு என் மேல் இன்னமும் நம்பிக்கை இல்லை, அது வேறு விஷயம்.

புது ஸ்விட்ச்சை வாஷரோடு திருகி, கூலன்ட்டும் பேட்டரிக்கு ஊற்றுகிற டிஸ்டில்ட் வாட்டரும் பாதிக்குப் பாதி கலந்து நிரப்பினேன். குழாய்த் தண்ணீர் கூடாதா என்று கேட்கிறவர்கள் உங்கள் வீட்டு வாட்டர் ஹீட்டர் ராடை எடுத்துப் பாருங்கள். அதன் மேல் வெள்ளையாகச் சுண்ணாம்பு பூசியிருக்கிறதே, போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டரின் மெல்லிசுக் குழாய்க்குள்ளும் அதே பூச்சுதான். நடுவழியில் வேறு கதி இல்லையென்றால் ஊற்றலாம், ஆறின பிறகு. கொதிக்கிற இன்ஜினில் பச்சைத் தண்ணீர் பட்டால் உலோகம் விரிசல் விடும். 1888-ல் கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, கணவருக்குச் சொல்லாமல் இரண்டு பையன்களோடு மான்ஹைமிலிருந்து போர்ட்ஸ்ஹைம் வரை நூறு கிலோமீட்டர் போனபோது, வழி நெடுகக் கிடைத்த தண்ணீரை எல்லாம் ஊற்றிக்கொண்டே போனாராம். அந்த வண்டியில் தண்ணீர் ஆவியாகிப் போவதுதான் குளிரூட்டல். அந்த அம்மாளுக்கு வேறு வழியில்லை. நமக்கு இருக்கிறது.

நிரப்பியதும் மூடியைப் போட்டுவிடக் கூடாது. உள்ளே காற்று மாட்டியிருக்கும். மூடியைத் திறந்தபடி, ஹீட்டரை முழுசாக வைத்து, வண்டியை ஸ்டார்ட் செய்து, மேல் ஹோஸை மெதுவாக அமுக்கி அமுக்கி விட்டால் புளக் புளக்கென்று குமிழி வரும். மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி அடங்கினதும் மூடவேண்டும். மூடினேன். அப்பாவின் பழைய ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து முள்ளையே பார்த்தேன். பாதி. பாதிக்கு ஒரு நூல் மேலே. 'டிக்' என்று ஒரு சத்தம். ஃபேன் விர்ரென்று கிளம்பியது. ஒரு நிமிஷத்தில் முள் பாதிக்கு வந்தது, ஃபேன் தானே நின்றது. ஐந்து தடவை இதே நாடகத்தைப் பார்த்தேன். சினிமாவில்கூட இவ்வளவு பொறுமையாக உட்கார்ந்தது கிடையாது.

கணக்கு: ஸ்விட்ச் 420, வாஷர் 10, கூலன்ட் 310, டிஸ்டில்ட் வாட்டர் 60. ஆக மொத்தம் எண்ணூறு ரூபாய். மெக்கானிக் அண்ணனிடம் போய்ச் சொன்னேன். கொஞ்சமும் அலட்டிக்கொள்ளவில்லை. 'நான் அன்னிக்கே ஃபேனாத்தான் இருக்கும்னு நெனைச்சேன் சார்' என்றார். கூலன்ட் கேனை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை அதே குரோம்பேட்டை சிக்னல். முன்னால் ஒரு தண்ணி லாரி. முள் பாதியில் நின்றது. பானெட்டுக்குள்ளிருந்து சத்தம் வந்ததும் பின்சீட்டில் படுத்திருந்த அம்மா தலையைத் தூக்கினாள்.

'என்னடா அது சத்தம்?'

'ஃபேன்மா. இன்ஜினுக்கு.'

'அதுக்கு ஃபேன் போட்டிருக்கியா? அப்ப அந்த ஹீட்டரை இனிமே போடமாட்டியே?'